போகிறோம் என்று சொல்லாததால் வந்த கோப்பை

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கையின் வீட்டுக்காரன் கடல் தாண்டி உட்கார்ந்து, கை கழுவிக்கொண்டு, பணிவோடு எழுதுவது. நான் இங்கே முழுசாக இருக்கிறேன். டீம் பிள்ளைகளைக் காலையில் எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டும் இருக்கின்றன. அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மூட்டுவலியும் ஒற்றுமையாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என்ன என்பீர்கள். போனில் பேசினால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம். நம்ம டீம் கேப்டன் இதைப் போட்டோ பிடித்து உங்களுக்கு அனுப்பி வைப்பாள். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டாம், போன தடவை அனுப்பியதையே உங்கள் தங்கை இன்னும் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேப்டன் வாயால் காலேஜ் முழுக்கத் தெரிவதற்கு முன்னால் என் வாயாலேயே தெரியட்டும். விமானம் கிளம்பும்போது பக்கத்து ஸீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். சும்மா இல்லை, பத்து விரலாலும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தெரிந்த சாமி பேரையெல்லாம் சொல்லி முடித்து, தெரியாத சாமிக்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும்போது, பின் ஸீட்டிலிருந்து கேப்டன் குனிந்து, "மாஸ்டர், இன்னும் கிளம்பல. இப்பத்தான் கதவச் சாத்துறாங்க" என்றாள். பக்கத்து ஸீட்டுக்காரர் கோட்டுப் போட்ட கனவான், கையை உதறவில்லை. இறங்குகிற வரைக்கும் அவரும் விடவில்லை. அவருக்கும் முதல் தடவையாம்.

நம்ம காலேஜ் பெண்கள் வாலிபால் டீமோடு நான் எதற்கு இந்தப் போட்டிக்கு வந்தேன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அறிக்கை எழுதப்போகிற தலைமை எழுத்தர் நீங்கள் என்பதால் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். பிரின்சிபால் ரூமில் அந்தக் கண்ணாடி பீரோ இருக்கிறதே, உள்ளே ஓடாத கடிகாரமும் செத்த ஈயும் தவிர ஒன்றும் இல்லாதது, அதைக் காட்டி அவர் என்ன சொன்னார்? "ஒரே ஒரு கப்பு இதுல வந்து ஒக்காரணும். வெறுங்கையோட வந்தா, அடுத்த மாசத்துலேருந்து சர்ட்டிபிகேட் வச்சிருக்கிற கோச் வர்றாரு. நீ பழையபடி கிரவுண்டுக்குத் தண்ணி ஊத்து." நீங்கள் அப்போது பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றீர்கள், தைரியசாலி. தண்ணீர் ஊற்றுவது எனக்குக் கேவலம் இல்லை மச்சான். அஞ்சாங்கிளாஸ் படித்தவன், மில் டீமில் பந்தடித்தவன், கோச் ஓடிப்போன அன்றைக்கு விசிலை என் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் சர்வீஸ் போடுகிற சத்தம் காதில் விழ விழ, முதுகைக் காட்டிக்கொண்டு ஓஸ் பைப்பைப் பிடித்து நிற்க என்னால் முடியாது. இதை ஒரு தடவைதான் சொல்வேன். இனிமேல் வழக்கம்போலக் கேலிதான்.

விமான நிலையத்தில் எங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தார்கள். இந்த ஊர்க்காரர், ஒல்லி, கழுத்தில் துணி சுற்றியிருப்பார், கக்கத்தில் செங்கல் பருமனுக்கு ஒரு அகராதி. அதைப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டாராம், தமிழ் பேசுகிற ஆட்களில் அவர் நேரில் பார்த்தது நாங்கள்தான் முதல். "வருக வருக. பயணம் இனிதே அமைந்ததா? தாங்கள் களைப்புற்றீரா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இவரு என்ன மொழி பேசுறாரு?" என்று கேப்டனைக் கேட்டேன். "தமிழ் மாஸ்டர். நமக்குத்தான் தெரியல" என்றாள். அந்த நிமிஷமே பிள்ளைகள் அவருக்கு அகராதி என்று பேர் வைத்துவிட்டார்கள். கூப்பிட்டால் பெருமையாகத் திரும்பிப் பார்க்கிறார். நம்ம பக்கம் அந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது அவர் புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது.

எங்களை ஒரு விடுதியில் போட்டார்கள். மறுநாள் காலை கீழே சாப்பாட்டு ரூமில் விடுதிக்காரம்மா பெரிய தட்டுகளில் ரொட்டி, முட்டை, பழம், பால் என்று பரப்பி வைத்திருந்தார். நன்றாகச் சாப்பிட்டோம். பன்னிரண்டு பேரும் எழுந்து, கை துடைத்து, மரியாதை தெரிந்த பிள்ளைகளாக, "வர்றோம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தோம். அகராதி அந்தம்மாவிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அந்தம்மா முகம் ஒரு மாதிரி ஆகி, திரும்பவும் அடுப்பைப் பற்ற வைத்தார். ஐந்தே நிமிஷத்தில் எங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் உட்கார வைத்து மறுபடி ரொட்டி, மறுபடி முட்டை. பெரிய மனசு, வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள் என்று சாப்பிட்டோம். எழுந்து "அப்ப வர்றோம்மா" என்றோம். அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு டஜன் முட்டை உடைத்தார். இந்த ஊர் உபசாரம் இப்படித்தான் போலிருக்கிறது, எழுந்தால் போடுகிறார்கள் என்று நானே பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னேன். மூன்றாவது தடவை யாரும் எதுவும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் முட்டை வெளியே வந்துவிடும் என்று எல்லாரும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தோம். அப்போதுதான் விட்டார்.

அந்த வயிற்றோடு முதல் ஆட்டம். நம்ம கொக்கைத் தெரியுமே, ஆறடிக்கு மேல் இருக்கிற அடிக்கிற பெண், அவள் நெட்டுக்கு முன்னால் நின்று பந்தை அண்ணாந்து பார்த்தாள், பந்து வந்தது, பார்த்தாள், பந்து போனது. "ஏம்மா, எகிற மாட்டியா?" என்று கத்தினேன். "எகிறினா முட்டையும் எகிறுது மாஸ்டர்" என்றாள். எதிர் டீம் பிள்ளைகள் நல்லவர்கள், ஜெயித்த பிறகு வந்து எங்கள் பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு வெறும் தண்ணீரோடு போனோம். நன்றாகத்தான் ஆரம்பித்தது. நடுவில் சர்வீஸ் நாலு தொடர்ந்து வெளியே போக, டைம் அவுட் கேட்டேன். முப்பது வினாடி. அந்த முப்பது வினாடிக்குள் எதிர்ப் பக்கம் பின்மூலை காலியாகக் கிடக்கிறது, அங்கே தள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் என்ன செய்தேன், வழக்கப்படி, "மானமே கப்பல் ஏறுதும்மா" என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அகராதி எழுந்தார்.

"ஐயா, எது கப்பல் ஏறுகிறது?"

"மானம்ங்க."

"அது தங்கள் உடைமையா?"

"ஆமா, நம்மளுதுதான். இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"எத்துறைமுகத்தில்?"

கேப்டன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடுவர் விசில் ஊதிவிட்டார். பின்மூலை காலியாகவே கிடந்தது, தோற்றோம். அதோடு விடவில்லை அகராதி. கடமையில் குறை வைக்கிற ஆள் இல்லை. ஆட்டம் முடிந்ததும் என்னைப் போட்டி அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், அங்கே மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்மணியிடம் கப்பல் சரக்குப் படிவம் வாங்கி நிரப்ப ஆரம்பித்துவிட்டார். பொருளின் பெயர், மானம். உடையக்கூடியதா? ஆமாம். எடை? "எடையெல்லாம் கிடையாதுங்க" என்றேன். அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எடை இல்லாத பொருளைக் கையிலேயே எடுத்துப் போகலாம் என்று சொல்லி அனுப்பினார். அந்த மட்டுக்கும் அது என்னோடுதான் இருக்கிறது.

இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி, போட்டியை விட்டே வெளியே. சாயங்காலம் பிள்ளைகள் பெட்டி கட்டினார்கள். மறுநாள் மத்தியானம் விமானம். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர் இருக்கிறாளே, நாங்கள் சுண்டைக்காய் என்று கூப்பிடுவோம், அவள் மட்டும் பக்கத்தில் வந்து, "மாஸ்டர், அந்த சர்ட்டிபிகேட் கோச் எப்படி இருப்பாரு?" என்றாள். "எம்மாதிரி அழகா இருக்க மாட்டாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் அந்த ஜோக் அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

தோற்றாலும் முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. போட்டிச் செயலாளரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று அகராதியோடு போனேன். செயலாளர் ஒரு பெரிய பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷனுக்கு ஏதோ கஷ்டம், ரொம்ப நேரம் நிற்கக்கூடாது என்று, கையைக் கூப்பி, "அப்ப நாங்க வர்றோம்ங்க" என்றேன். அகராதி மொழிபெயர்த்தார். செயலாளர் எழுந்து மேஜையைச் சுற்றி ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு பக்கமும் கன்னத்தோடு கன்னம் ஒட்டினார். நல்ல பண்புள்ள மனுஷன், தோற்றவனுக்கே இந்த மரியாதை என்றால் ஜெயித்தவனைத் தூக்கிக்கொண்டே போவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வந்து படுத்தேன்.

காலையில் வாசலில் பஸ். பெட்டிகளை ஏற்றி உட்கார்ந்தோம். விமான நிலையம் போகிற பஸ் எங்களைக் கொண்டுபோய் விளையாட்டு அரங்கத்து வாசலில் இறக்கியது. "மாஸ்டர், இங்கேருந்தா பிளேன் கிளம்புது?" என்று கேப்டன் கேட்டாள். உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது, நெட் கட்டியிருக்கிறது, ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எதிர்ப் பக்கம் சிவப்புச் சட்டையில் ஒரு டீம் குதித்துக்கொண்டிருக்கிறது. செயலாளர் பல்லெல்லாம் தெரிய வருகிறார். விஷயம் என்னவென்றால், மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்தில் ஆட வேண்டிய ஒரு டீம் முந்தின நாள் ஊர் சுற்றிப் பார்க்கப் போய், அவர்கள் பஸ் மலைப்பாதையில் நின்றுவிட்டதாம். அந்தக் கவலையில்தான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தாங்கள் 'வருகிறோம்' என்றீர்கள். வந்துவிட்டீர்கள்" என்றார் அகராதி, கண் கலங்க. "சொன்ன சொல் தவறாத செம்மல் தாங்கள்."

"யோவ், அது போறோம்னு அர்த்தம்யா."

அகராதி புத்தகத்தைத் திறந்து புரட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வாறு இல்லையே" என்றார்.

கேப்டன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "மாஸ்டர், முட்டை." அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நாங்கள் கிளம்பும்போதெல்லாம் இந்தப் புண்ணியவான், அவர்கள் வருகிறார்கள், அவர்கள் வருகிறார்கள் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அந்த விடுதிக்காரம்மா நாங்கள் திரும்பத் திரும்பச் சாப்பிட வருவதாக நினைத்திருப்பார் பாவம்.

பெட்டியைத் திறந்து, அடியில் போட்ட சட்டைகளை உருவி மாட்டிக்கொண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அகராதி, பேனாவும் கையுமாகத் தயாராக உட்கார்ந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் இந்த ஆள் அதைக் கப்பலில் ஏற்றிவிடுவார். துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

"ஐயா, தாங்கள் ஒன்றும் மொழியவில்லையே" என்றார். தலையை ஆட்டினேன். "தங்கள் மௌனத்தை மொழிபெயர்க்கவா?" என்றார். துண்டை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டேன்.

முதல் செட் போச்சு. இரண்டாவது செட் வந்தது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் துண்டுக்குள் இருந்தேன். மூன்றாவது செட்டில் பதினாலுக்குப் பதிமூன்று, நாம் முன்னால். இன்னும் ஒரே ஒரு புள்ளி, பிரின்சிபால் பீரோவுக்கும் எனக்கும் நடுவில். பந்து மேலே போய் சுண்டைக்காயிடம் வருகிறது. வலது பக்கம் கொக்கு கையை ஓங்கிக்கொண்டு ஓடி வருகிறாள். வலதுக்குக் கொடு, வலதுக்குக் கொடு என்று என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, துண்டைக் கடித்த கடியில் ஒரு பல் ஆடியது. எதிர் டீமில் மூன்று பேர் கொக்குக்கு முன்னால் சுவர் மாதிரி எகிறிவிட்டார்கள். சுண்டைக்காய் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு விரலால் பூனைக்குட்டியைத் தள்ளுகிற மாதிரி பந்தை இடது பக்கம் நெட்டுக்கு மேலே தள்ளினாள். அங்கே ஆளே இல்லை. பந்து தரையில் மெதுவாக, ரொம்ப மரியாதையாக விழுந்தது. நான் கத்தியிருந்தால் அவள் என் பேச்சைக் கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் தோற்றிருப்போம். அறிக்கையில் இந்த ஒரு வரியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

"மாஸ்டர், நீங்க வாயத் தொறக்கலன்னா நாம உலகத்தையே ஜெயிக்கலாம்" என்றாள் கேப்டன். உங்கள் தங்கை இருபத்திரண்டு வருஷமாகச் சொல்வதுதான். ஆனால் கேப்டனே கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நெசமா சொல்றேன், அங்க ஒக்காந்து துண்டக் கடிச்சீங்க பாருங்க, அதப் பாத்துப் பாத்து சிரிச்சோம், பயம் போயிடுச்சு. சர்ட்டிபிகேட் வச்சிருக்கிறவரு அப்படிக் கடிப்பாரா?" என்றாள். ஆகவே அறிக்கையில், பயிற்சியாளர் தன் தனிப்பட்ட முறையில் அணியின் அச்சத்தைப் போக்கினார் என்று உங்கள் ஆபீஸ் பாஷையில் நாலு மேற்படி, இரண்டு மேற்கண்ட எல்லாம் போட்டு எழுதவும்.

கோப்பை கொடுத்தார்கள். தண்ணீர் டம்ளர் உயரம், இரண்டு காது, நல்ல பளபளப்பு. ஆட்டக் குறிப்பில் அந்த வராத டீமின் பேரைத்தான் முதலிலேயே அச்சடித்துவிட்டார்களாம், அதை மாற்ற நேரமில்லையாம், அதனால் தாளில் ஜெயித்தது அவர்கள்தான். தாள் கிடக்கட்டும், யாருக்கு வேண்டும், கோப்பை நம் கையில். போட்டோவும் எடுத்தோம். கொக்கு சந்தோஷத்தில் கோப்பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துவிட்டாள், அவள் கை படத்துக்குள் அடங்கவில்லை. படத்தில் நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதை யாரிடமும் காட்ட வேண்டாம். பிரின்சிபால் நேரிலேயே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதில் விமானம் போய்விட்டது. செயலாளரே டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டார், எனவே நாளை சாயங்காலம் புறப்படுகிறோம். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது, பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தைரியமாக பிரின்சிபால் ரூமுக்குள் போய், கோப்பை வருகிறது, பீரோவைக் காலி செய்யுங்கள் என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அந்த சர்ட்டிபிகேட்காரருக்கு இடம் இல்லை என்று இன்றைக்கே கடிதம் அடித்துத் தபாலில் போட்டுவிடவும். நான் வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் கும்பிடு. உங்கள் மூட்டுக்குத் தைலமும் உங்கள் குறட்டைக்குப் பரிகாரமும் இந்த ஊரில் தேடினேன், தைலம்தான் கிடைத்தது. வீட்டுச் சின்னதுகளுக்கு ஆசிகளும் ஆளுக்கு ஒரு மிட்டாயும். உங்கள் தங்கையிடம், ஆள் இளைக்கவில்லை, முட்டை சாப்பிட்டுப் பெருத்துத்தான் வருகிறான் என்று சொல்லவும். நீங்கள் நூறு வயது இருந்து எனக்கு அறிக்கை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு உங்கள் பாரத்தைக் குறைத்த,
மாப்பிள்ளை.

பி.கு.: கடிதத்தை முடித்துக் கேப்டனிடம் போட்டோ பிடிக்கக் கொடுத்தேன். அவள் முழுசாகப் படித்துச் சிரித்துவிட்டு அப்போதே அனுப்பியும் விட்டாள், இந்தப் பக்கம் தனியாக வரும். அதற்குள் இங்கே ஒரு சிறு விஷயம். மலைப்பாதையில் நின்றுபோன டீமின் பயிற்சியாளர் விடுதிக்கு வந்தார். தங்கள் இடத்தில் ஆடிக் கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்தாராம், கையில் பூங்கொத்து. வீடு தேடி வந்த மனுஷன், நானும் எழுந்து வாசலுக்குப் போய், மேஜைப் பக்கம் கையைக் காட்டி, "வாங்க, வாங்க" என்றேன். மேஜைமேல் கோப்பை இருந்தது. அகராதி புத்தகத்தைப் புரட்டி, "வாங்கு: பெற்றுக்கொள், எடுத்துக்கொள்" என்று படித்துப் பார்த்து, அவருக்கு அவர் பாஷையில் சொன்னார். அவர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்தார். ஏதோ உட்காரக் கூச்சப்படுகிறார் என்று நினைத்து, "அட, வாங்கங்கிறேன்" என்று அழுத்திச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். பூங்கொத்து தண்ணீரில் இருக்கிறது. கோப்பையை அவர் வாங்கிக்கொண்டு போனார்.